கல்யாணம் மட்டுமா, வந்த வேலையெல்லாமா?

கேமராவைத் தொழிலாக எடுத்து இரண்டு மூன்று வருடம் ஆன எல்லோரும் இந்தக் கேள்விக்கு வந்து சேருகிறார்கள். பெரும்பாலும் ஆடி மாதத்தில் வருகிறார்கள். வைகாசியிலும் ஆனியிலும் தூங்க நேரமில்லாமல் ஓடியவர், ஆடி பிறந்ததும் கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓட்டல் மெனு, பள்ளிக்கூட குரூப் போட்டோ, மனை விற்பனை விளம்பரம் என்று எது வந்தாலும் ஒப்புக்கொள்வார். ஆவணியில் முதல் முகூர்த்தம் வந்ததும் அத்தனையையும் பாதியில் விட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடுவார். ஓட்டல்காரர் அடுத்த முறை கூப்பிட மாட்டார். இப்படி மாதத்துக்கு ஒரு முடிவு எடுப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். திறமை இருந்தும் அவர்கள் வளராமல் நின்றுபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் படமெடுத்துக் குடும்பம் நடத்த நினைப்பவருக்குக் கல்யாணம்தான் முதல் வருமானம். அதோடு இன்னொரு துறை வேண்டும், ஆனால் ஒன்றே ஒன்று போதும். அது முகூர்த்தம் இல்லாத நாட்களில் வேலை தர வேண்டும். பணம் கொடுப்பவர் கல்யாண வீட்டார் அல்லாத வேறு யாராவதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்தாத வேலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முகூர்த்தக் கணக்கு

அடுத்த வருடத்து நாள்காட்டியில் சுபமுகூர்த்த நாட்களை எண்ணுங்கள். அவற்றில் எத்தனை ஞாயிறு, எத்தனை வேலை நாள் என்று பிரித்து எழுதுங்கள். மார்கழியிலும் ஆடியிலும் பக்கம் காலியாக இருக்கும். புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கும். மீதியுள்ள நாட்களில் ஊரில் உள்ள எல்லா வீட்டாருக்கும் ஒரே தேதிதான் வேண்டும். வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் ஐந்து வீட்டார் உங்களைக் கேட்கலாம். நீங்கள் போக முடிந்தது ஒரு மண்டபத்துக்குத்தான். இதில் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்று இரண்டு நாள் போய்விடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். வருடத்துக்கு 25 ஆர்டர், ஒன்றுக்கு 70,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 17,50,000. இதில் இரண்டாவது கேமராக்காரர், வீடியோ, எடிட்டிங், ஆல்பம், வண்டி எல்லாம் சேர்த்து ஆர்டருக்கு 40,000 போனால் கையில் நிற்பது 7,50,000. கடை வாடகை, கேமரா கடனுக்கான மாதத் தவணை, பழுது, புது லென்ஸ் எல்லாம் அதற்குள்தான். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்கின் போக்கு மாறாது. ஆர்டர் எண்ணிக்கையை நாள்காட்டி கட்டுப்படுத்துகிறது. விலையை ஊர் கட்டுப்படுத்துகிறது. கல்யாணத்தை மட்டுமே நம்புகிறவர் வருமானத்தைக் கூட்ட வேண்டுமானால் விலையைக் கூட்டியே ஆக வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது இந்தக் கட்டுப்பாட்டின் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். அதன்பின் கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாமல் கேமராவை விற்றவர்கள் உண்டு. அதே மாதங்களில் பொருட்களைப் படமெடுக்கத் தெரிந்தவர்களுக்கு, இணையத்தில் விற்கத் தொடங்கிய சிறு கடைக்காரர்களிடமிருந்து வேலை வந்தது. அப்படி ஒரு காலம் திரும்ப வராது என்று நம்பித் தொழிலை அமைக்க எனக்கு மனம் இல்லை.

கல்யாணத்தை ஏன் முதலில் வைக்கிறேன்

பணத்துக்காக மட்டும் அல்ல. கல்யாணத்தில் மட்டுமே வரும் ஒரு தேர்ச்சி இருக்கிறது, அதை வேறு எங்கும் கற்க முடியாது. கெட்டிமேளம் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில் வீடியோ லைட், அட்சதைக் கைகள், உறவினர்களின் செல்போன்கள், புகை, பின்னால் மின்னும் எல்.இ.டி. திரை எல்லாம் ஒன்றாக வரும். திரும்ப ஒரு முறை கட்டச் சொல்ல முடியாது. எங்கே நிற்பது என்பதை முன்பே முடிவு செய்து, வீடியோக்காரரிடம் பேசி வைத்திருக்க வேண்டும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நம் நாட்டில் 1/50 அல்லது 1/100 ஷட்டர் வைத்தால் மண்டப விளக்குகளால் விழும் பட்டைகள் பெரும்பாலும் அடங்கும். எல்.இ.டி. திரையை மட்டும் நம்ப முடியாது, ரிசப்ஷன் தொடங்கும் முன்பே அதன் முன்னால் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தேர்ச்சி, சடங்கு தெரிவது. பிராமணர் கல்யாணத்தில் பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும்போது தாலி கட்டுவார்கள். மணமக்களை மட்டும் கிட்டே இழுத்து எடுத்தால் அப்பாவின் முகம் போய்விடும், அந்த வீட்டில் பிற்பாடு எல்லோரும் தேடுவது அந்த முகத்தைத்தான். கொங்கு நாட்டுக் கவுண்டர் கல்யாணத்தில் சீர்களை நடத்துபவர் அருமைக்காரர். அவர் பக்கம் ஒரு கண் வைக்காதவர் பாதிச் சீரைத் தவறவிடுவார். நகரத்தார் வீட்டில் திருப்பூட்டுதலும் கழுத்திருவும்தான் மையம். 1967 சட்டத் திருத்தத்தால் ஏற்பு பெற்ற சுயமரியாதைத் திருமணத்தில் ஐயரும் ஓமமும் இல்லை. மாலை மாற்றுவதும் மேடைப் பேச்சும்தான் நிகழ்ச்சி, பேசுகிறவரையும் கேட்கிறவரையும் எடுக்கத் தெரிய வேண்டும். சில தேவாலயங்களில் பீடத்துக்கு அருகே போகவோ ஃபிளாஷ் போடவோ விடமாட்டார்கள். அதனால் திருமணத்துக்கு முன்பே பாதிரியாரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

இந்த அறிவே இன்னொரு வழியைத் திறக்கிறது. ஆடி, மார்கழித் தடை பொதுவாகக் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. அவர்கள் முக்கியமாகத் தவிர்ப்பது தவக்காலத்தையும் ரமலானையும்தான். கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருப்பவர் இந்தக் கல்யாணங்களை மரியாதையோடு எடுக்கக் கற்றால், மற்றவர்கள் சும்மா இருக்கும் மாதத்திலும் அவருக்கு ஆர்டர் வரும். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் ஆண் கேமராக்காரர் போக முடியாத இடங்கள் இருக்கின்றன. பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு குழு அங்கே எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை நம் தொழிலில் இருப்பவர்கள் இன்னும் சரியாக உணரவில்லை. இதைப் படிக்கும் பெண் ஒருவர் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருந்தால், முழுக்கக் கல்யாணத்திலேயே தங்கிவிடலாம் என்று அவருக்குத் துணிந்து சொல்வேன்.

வந்ததையெல்லாம் எடுத்தால்

பழைய ஸ்டுடியோக்கள் எல்லாவற்றையும் எடுத்தனவே என்று கேட்பீர்கள். எடுத்தன. குடும்பப் படம், பெண் பார்க்க அனுப்பும் படம், இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படம் வரை ஊருக்கு ஒரு ஸ்டுடியோவே எடுத்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்தப் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்னாக்கம் செய்திருக்கிறது, பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அந்த ஸ்டுடியோக்காரருக்கு வாடிக்கையாளர் நடந்து வந்தார். ஊரில் கேமரா இருந்தது அவரிடம்தான். இன்று உங்களைத் தேர்ந்தெடுப்பவர் மணப்பெண்ணின் தங்கை. இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்தை இரண்டு முறை விரலால் தள்ளிப் பார்ப்பார். அதில் தாலி கட்டும் படத்துக்குக் கீழே பிரியாணித் தட்டு, அதற்குக் கீழே கட்சிக் கூட்டம், அதற்குக் கீழே விற்பனைக்கு மனை என்று இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பிரியாணிக் கடைக்காரரும் அப்படித்தான். மணமேடைப் படங்களுக்கு நடுவே தன் உணவை அவர் தேட மாட்டார். ஆகவே இரண்டு துறை இருந்தால் இரண்டு பக்கம், இரண்டு விலைப்பட்டியல், முடிந்தால் இரண்டு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததையெல்லாம் எடுக்க வேண்டாம் என்பதற்குக் கருவிச் செலவும் ஒரு காரணம். கல்யாணத்துக்கு இரண்டு கார்டு போடும் கேமரா இரண்டும், 24-70, 70-200, 85 லென்ஸ்களும் வேண்டும். நகைக்கு மேக்ரோ வேண்டும். வீட்டு உள்ளறைக்கு அகல லென்ஸும் நல்ல டிரைபாடும் வேண்டும். துணிக்குப் பெரிய சாஃப்ட்பாக்ஸும் ஸ்ட்ரோப் விளக்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் வாங்கினால் எதிலும் முதல் திரும்பாது.

முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன். அப்போது எல்லாம் எடுத்துப் பாருங்கள். மேசை மேல் ஒரு எண்ணெய் பாட்டிலை வைத்து ஒரே விளக்கில் அரை நாள் போராடியவருக்கு மணப்பெண்ணின் பட்டில் விளக்கு எப்படி விழும் என்பது தானாகப் புரியும். ஆனால் கல்யாணத்தை மட்டும் அந்தப் பரிசோதனையில் சேர்க்காதீர்கள். தெரிந்தவர் ஒருவருக்கு இரண்டாவது கேமராவாக ஒரு பருவம் முழுக்கப் போய்வந்த பிறகே தனியாக ஆர்டர் எடுங்கள். ஒரு வீட்டின் ஒரே நாளை வைத்துப் பழகிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது துறையை ஊரிலேயே தேடுங்கள்

உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் என்ன செய்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள்.

திருப்பூரில் பின்னலாடை. ஏற்றுமதியாளருக்கும் இணைய விற்பனையாளருக்கும் ஒவ்வொரு துணியும் படமாக வேண்டும். பொம்மைக்கு மாட்டி எடுத்து, பொம்மையை அழித்து, சட்டை தானாக நிற்பதுபோல் காட்டும் முறை அங்கே அன்றாட வேலை. இதில் அழகைவிட நிறம் முக்கியம். படத்தில் ஒரு நீலம், பெட்டியைத் திறந்தால் வேறு நீலம் என்றால் சரக்கு திரும்பி வரும். கலர் கார்டு வைத்து முதல் படம் எடுப்பதும், சரிபார்த்த திரையில் பார்ப்பதும் இங்கே கட்டாயம். பீஸ் கணக்கில் கூலி, வேலை நாளில் வேலை, கல்யாணத்தோடு மோதாது. கல்யாணத்தோடு சேர்த்து நடத்த இதைவிடப் பொருத்தமான துறையை நான் பார்த்ததில்லை.

கோயம்புத்தூரில் பம்பும் கிரைண்டரும் இயந்திரங்களும். பளபளக்கும் உலோகத்தில் உங்கள் முகமும் கேமராவும் தெரியாமல் எடுப்பது ஒரு தனி வித்தை, கற்றவர்கள் குறைவு, அதனால் போட்டியும் குறைவு. கரூரில் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும். காஞ்சிபுரத்தில் பட்டு. ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் தீபாவளி விளம்பரத்துக்கு முன்கூட்டியே படம் எடுத்தாக வேண்டும். நமக்குக் கை காலியாக இருக்கும் ஆடிதான் அவர்களுக்குப் பரபரப்பான நேரம். காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய செட்டிநாட்டு வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. பயணிகள் அதிகம் வரும் குளிர்காலத்துக்கு முன் விடுதிக்காரர்களுக்குப் புதுப் படம் வேண்டும். தூண்கள் சாயாமல், முற்றத்து வெயிலும் உள்ளறைகளின் இருட்டும் ஒரே படத்தில் தெரிய எடுக்கத் தெரிந்தவருக்கு அங்கே இடம் இருக்கிறது.

சென்னையில் இருப்பவருக்கு மார்கழியே வேலை தரும். முகூர்த்தம் நின்றுபோகும் அதே நாட்களில் சபாக்களில் கச்சேரியும் நாட்டியமும் நடக்கின்றன. கலைஞர்களுக்குத் தங்கள் நிகழ்ச்சிப் படம் வேண்டும், ஆண்டு முழுக்க அரங்கேற்றங்களும் உண்டு. ஃபிளாஷ் இல்லாமல், சத்தம் இல்லாமல், முத்திரை முடியும் கணத்தில் அழுத்த வேண்டும். மண்டபத்தில் பழகிய கைக்கு இது எளிதில் வரும். சபாவின் அனுமதியை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். மின்னணு ஷட்டரில் சத்தமில்லாமல் எடுக்கும்போது மேடை விளக்கால் பட்டை விழுகிறதா என்று ஒத்திகையிலேயே பார்த்துவிடுங்கள்.

மோதும் துறைகளும் உண்டு. சிவகாசியில் காலண்டர் வேலை நிறைய. ஆனால் தினசரி காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்றே வெளியாகிவிடும், படம் அதற்கு முன்பே தயாராக வேண்டும். அதாவது வைகாசி, ஆனி முகூர்த்தங்களின் உச்சத்தில் அச்சகத்தார் உங்களைத் தேடுவார்கள். கட்சி நிகழ்ச்சி, கடை திறப்பு விழா போன்றவையும் நல்ல நாள் பார்த்தே நடப்பவை. அவற்றை இரண்டாவது துறையாக நினைக்க வேண்டாம்.

ஒரே குடும்பத்தோடு

வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றை வேறு துறை என்று எண்ணித் தட்டிக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய நஷ்டம். நீங்கள் கல்யாணம் எடுத்த பெண் அடுத்த ஆண்டு, "அண்ணா, வளைகாப்புக்கும் நீங்கதான் வரணும்" என்று கூப்பிட்டால், புதிதாக ஒரு ஆளைத் தேடி விளம்பரம் செய்யாமல் கிடைத்த ஆர்டர் அது. அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சில்லை, பாட்டி எந்தப் பக்கம் நின்றால் சிரிப்பார் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு முகூர்த்தம் பார்ப்பதில்லை, ஆடியிலும் வரும். கட்டணம் குறைவாக இருந்தாலும் போங்கள்.

மஞ்சள் நீராட்டு விழாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எடுங்கள், ஆல்பம் கொடுங்கள், ஆனால் உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். அப்பா சரி என்று சொன்னாலும் போடாதீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் அந்த நாள் உங்கள் விளம்பரத்துக்கான பொருள் அல்ல. பெரியவளானதும் அந்தப் படங்களை யாருக்குக் காட்டுவது என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

எழுத்தில் வேண்டியவை

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைத் தொழிலில் உள்ள பலர் கேள்விப்பட்டதே இல்லை. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது நீங்கள் எடுத்த கல்யாணப் படத்தை உங்கள் பக்கத்தில் போட வேண்டுமானால் அதற்கான வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வணிகப் படத்தில் இது இன்னும் கனமானது. ஒரு வருட இணைய விளம்பரத்துக்கு என்று விலை பேசி எடுத்த படம் நெடுஞ்சாலைப் பலகையில் நின்றால், எழுத்தில் எதுவும் இல்லாதவர் ஒன்றும் கேட்க முடியாது. எந்த ஊடகம், எவ்வளவு காலம் என்பதை எழுதி வாங்குங்கள்.

கல்யாண வீட்டார் அட்வான்ஸ் தருவார்கள். கம்பெனிக்காரர்கள் கடன் சொல்வார்கள், டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு தருவார்கள். உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்டால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் உங்கள் பணத்தைத் தர வேண்டும். பதிவு செய்ய ஒரு ரூபாய் செலவில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அது கையில் நிற்கும் தொகை அல்ல, மொத்த வரவு. மேலே போட்ட 17,50,000 கணக்கோடு இரண்டாவது துறையும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். விலை சொல்லும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய ட்ரோனை மனை விளம்பரத்துக்கும் கட்டுமான வேலைக்கும் பயன்படுத்த நினைத்தால், 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். மண்டபத்துக்கும் அதே விதிதான்.

கல்யாணத்தை விடுவதென்றால்

இரண்டு வருடம் இரண்டையும் நடத்திய பிறகு ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுதுங்கள். ஒரு கல்யாணத்துக்கு மண்டபத்தில் நின்ற நேரம், படம் பிரித்த நேரம், ஆல்பம் திருத்தங்களுக்காகப் போனில் பேசிய நேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். செலவு போகக் கையில் நின்றதை அந்த மணிகளால் வகுங்கள். இரண்டாவது துறைக்கும் அப்படியே செய்யுங்கள். சிலருக்குத் துணிப் படமே அதிகம் தருவதாகத் தெரியவரும். முதுகுவலியும் விடியற்கால ஓட்டமும் வேண்டாம் என்று முடிவு செய்யும் வயதும் வரும்.

அப்போது ஒரே நாளில் விட முடியாது. மண்டபம் பதிவான கையோடு உங்களுக்கும் அட்வான்ஸ் கொடுத்த வீட்டார் இருப்பார்கள், அவர்களின் தேதி எட்டு, பத்து மாதம் தள்ளி இருக்கும். புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டு ஒப்புக்கொண்டதையெல்லாம் நீங்களே எடுத்து முடியுங்கள். முடியவே முடியாத தேதி என்றால், உங்களோடு இரண்டாவது கேமராவாக வந்த ஆளை அந்த வீட்டுக்கு நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தி, அவர் எடுத்த முழு ஆல்பம் ஒன்றைக் காட்டி, சம்மதம் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அட்வான்ஸை அன்றே திருப்பிக் கொடுங்கள். இன்னொருவரைத் தேட அவர்களுக்குப் போதுமான மாதங்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பழைய கல்யாணங்களின் ஃபைல்கள் உள்ள ஹார்ட் டிஸ்க்குகளை அழிக்கும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் தகவல் சொல்லி, கேட்டவர்களுக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.